பாலத்துக்கு உதவி வராது

இல்லீங்க, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிச்சா சொல்லுங்க, இந்தப் பக்கமா சாய்ச்சுக்கறேன். உடையற சாமான். கண்ணாடியெல்லாம் இல்லீங்க, பொம்மை. சிரிக்காதீங்க. நான் கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில புரொடக்‌ஷன் மேனேஜர், வயசு அம்பத்தொண்ணு, பேரு வெள்ளிங்கிரி. இந்தப் பெட்டிக்குள்ள நாப்பத்திமூணு பொம்மை இருக்கு. ஒவ்வொண்ணும் என் கட்டைவிரல்ல பாதி உசரம். கண்ணு, மீசை, இடுப்புல கத்தி, பூட்ஸுல ஒட்டுன சேறு வரைக்கும் பெயிண்ட் அடிச்சது. நான் அடிச்சதில்லை, எட்வின் அடிச்சது. அவன்கிட்ட குடுத்துட்டு வரலாம்னுதான் இன்னைக்கு ஓசூர் வந்தேன். அவன் வாங்கலை. திரும்பக் கொண்டு போறேன்.

நீங்க சேலம் வரைக்குங்களா? அப்ப நேரம் இருக்குது. தூங்கறதுன்னா தூங்குங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். எனக்கு யார்கிட்டயாவது சொல்லணும். தெரிஞ்சவங்ககிட்ட சொல்ல முடியாது.

இது ஒரு விளையாட்டுங்க. பெரிய மேசை, ஆறடிக்கு நாலடி. அதுமேல தெர்மாகோல் மலை, அட்டையில செஞ்ச வீடு, சாயம் போட்ட ஆறு. ஆளுக்கொரு படை. டேப் வெச்சு அளந்து நகத்தணும், டைஸ் உருட்டி அடிக்கணும். சின்னப் பசங்க விளையாட்டான்னு என் சம்சாரம் கேப்பா. சின்னப் பசங்க ஒரு பொம்மைக்கு நாலு நாள் உக்காந்து பெயிண்ட் அடிக்க மாட்டாங்க.

சாதாரணமா ஞாயித்துக்கிழமை கூடுவோம், ஒரு சண்டை போடுவோம், எடுத்து வெச்சுட்டு வீட்டுக்குப் போயிருவோம். ஆனா கேம்பெய்ன்னு ஒண்ணு இருக்குது. அது தொடர்கதை மாதிரி. இந்த வாரம் நீங்க ஒரு கோட்டையை விட்டீங்கன்னா அடுத்த வாரம் அந்தக் கோட்டை இல்லாமத்தான் ஆடணும். உங்க தளபதி செத்தான்னா செத்தவன்தான், திரும்ப மேசைக்கு வரமாட்டான். அதுக்கு ஒரு நாடு வேணும், மேப் வேணும், யாருக்கு யாரு பகை, எதுக்குப் பகைன்னு காரணம் வேணும். அதையெல்லாம் எழுதறவன் நான். நான் ஆட மாட்டேன். எழுதுவேன், நடுவரா நிப்பேன்.

எட்டு மாசம் எழுதுனேங்க. நெடும்பாறைன்னு ஒரு நாடு, குறுக்கால செவ்வாறு, மூணு கோட்டை, ஒரே ஒரு பாலம். பதினாறு சண்டை. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வழி எழுதணும், இவன் ஜெயிச்சா கதை இப்படிப் போகும், அவன் ஜெயிச்சா அப்படிப் போகும்னு. தோத்தவனுக்கு அடுத்த வாரம் ஏதாவது ஒரு சலுகை வெக்கணும். இல்லாட்டி ரெண்டு தடவை தோத்தவங்க மூணாவது வாரம் மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னுருவாங்க. அதெல்லாம் ஒரு கணக்குங்க, வெளிய இருந்து பாத்தாத் தெரியாது. வியாழக்கிழமை தவறாம ரெண்டு பக்கம் எழுதி குரூப்ல போட்டுருவேன், போன வாரம் நடந்தது, அடுத்து வரப்போறதுன்னு. அதைப் படிக்க மூணு பேரும் காத்திருப்பாங்க. காத்திருப்பாங்கன்னா நிஜமாவே காத்திருப்பாங்க. ஒரு வியாழக்கிழமை லேட்டாச்சுன்னு பஷீர் பாய் போன் பண்ணி என்னாச்சுன்னு கேட்டாரு.

மூணு பேருதான். பஷீர் பாய் பெயிண்ட் கடை வெச்சிருக்காரு. டாக்டர் சாருலதா, பல் டாக்டர், அவங்க கிளினிக் மாடியிலதான் ஆட்டம். பல்லு நோண்டற ஊசி வெச்சே பொம்மைக்கு முடி கீறிருவாங்க. மூணாவது எட்வின். எங்க கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன், பதினாலு வருஷம். சம்சாரம் ஷீபா, ஒரு பொண்ணு. வாரம் ஆறு நாள் எனக்குக் கீழ வேலை பாக்கறவன், ஞாயித்துக்கிழமை என் நாட்டுல தளபதி. அவன் தளபதி பேரு ஒற்றைக்காது. பொம்மையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃப்ரேம்ல ஒட்டித்தான் வரும், அதுல இருந்து வெட்டி எடுக்கறப்ப கத்தி பட்டு பொம்மையோட ஒரு காது போயிருச்சு. வேற யாரா இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பாங்க. இவன் காயத்துக்கு செகப்பு வெச்சு, அதையே பேராக்கிட்டான்.

ஒண்ணு சொல்லிர்றேன். இதுக்கு முன்னாடி ரெண்டு கேம்பெய்ன் எழுதியிருக்கேன். ரெண்டும் பாதியில நின்னுபோச்சு. ஒண்ணு அஞ்சாவது வாரம், ஒருத்தருக்குப் புனேவுக்கு மாத்தல். இன்னொண்ணு ஏழாவது வாரம், ஒருத்தனுக்குக் கல்யாணம். ஒரு ஆள் போனாப் போச்சுங்க, மூணு பேருக்கு எழுதுன கதையை ரெண்டு பேரு ஆட முடியாது. எழுதுன பக்கமெல்லாம் அலமாரியில கெடக்கும். இந்தத் தடவை முடிச்சே தீரணும்னு இருந்தேன். அதை மனசுல வெச்சுக்கங்க.

ஜூலை பதினாலாம் தேதி எங்க யூனிட் ஹெட் ரூமுக்குக் கூப்பிட்டாரு. குவாலிட்டி செக்‌ஷன் மொத்தமும் புது பிளாண்ட்டுக்குப் போகுது, அங்க எல்லாம் மெஷினே பாத்துக்கும், இங்க மூணு போஸ்ட் வேண்டாம்னாரு. பேரு ஏற்கெனவே டைப் பண்ணியிருந்துச்சு. ரெண்டாவது பேரு எட்வின். நான் எழுதலைங்க. நான் கையெழுத்துதான் போட்டேன். ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் லெட்டர் குடுப்போம், அதுவரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாதுன்னாங்க. என் இடத்துல நீங்க இருந்தாலும் போட்டிருப்பீங்க. போட மாட்டேன்னா என் பேரு நாலாவதா வந்திருக்கும்.

அது தப்புன்னு நான் இப்பவும் நெனைக்கலை. உத்தியோகம்னா அப்படித்தான். எனக்குக் குத்தறது அது இல்லை.

ஆகஸ்ட் மொத வாரம். ஆறாவது சண்டை முடிஞ்சு பொம்மையெல்லாம் ஸ்பாஞ்சுல சொருகிட்டு இருக்கோம். பாயும் டாக்டரும் கீழ போயிட்டாங்க. எட்வின் மெதுவாக் கேக்கறான், "கிரியண்ணா, ஓசூர்ல ஒரு கம்பெனியில கூப்புடறாங்க. சீனியர் போஸ்ட்டு. மாச கடைசிக்குள்ள சொல்லணுமாம். பாப்பா ப்ளஸ் டூ வேற. ஷீபா, இருக்கற எடம் நல்லாத்தானே இருக்குதுங்கறா. நீங்க சொல்லுங்க. போகலாமா?"

நேருக்கு நேராக் கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அவசரப்படாத எட்வின். பதினாலு வருஷ சர்வீஸ். தீபாவளி வரைக்கும் பாரு, அப்புறம் யோசிக்கலாம்"னேன். அவன் தலையாட்டுனான். "நீங்க சொன்னாச் சரிங்கண்ணா, இன்னும் நாள் இருக்குது, யோசிக்கறேன்"னு பெட்டியை மூடுனான்.

ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேக்கறீங்க. வாயைத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு இருந்துச்சுங்க, அதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டு வாரம் சொல்லிக்கிட்டேன். சரியா சாப்பிட முடியலை. சம்சாரம் சுகர் பாத்துக்கங்கன்னா.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. வாயால சொல்லத்தானே கூடாது, கதையில சொல்லலாமில்லை? ஒன்பதாவது சண்டை செவ்வாத்துப் பாலம். நான் முன்னாடி எழுதி வெச்சிருந்தது வேற மாதிரி, ரெண்டு பக்கமும் சமபலம். அதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதுனேன். ஒற்றைக்காது பன்னெண்டு ஆளோட பாலத்தைக் காக்கணும். எதிர்ல டாக்டரோட படை முப்பது. தலைநகரத்துல இருந்து உதவி வரும்னு ஒற்றைக்காதுக்கு ஓலை. அந்த உதவி பஷீர் பாய் கையில. ஆனா பாய்க்கு மட்டும் ஒட்டுன கவர்ல நான் ஒரு ஓலை குடுத்தேன். 'பாலத்துக்கு உதவி அனுப்ப வேண்டாம். தலைநகரம் முடிவு செய்துவிட்டது. அவனிடம் சொல்லாதே.'

புரியுதுங்களா? இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்றது? அதோட விடலை. பின்பக்கம் ஒரு வழி வெச்சேன். எந்தச் சுத்துலயும் ஒற்றைக்காது பாலத்தை விட்டுட்டுப் போயிரலாம், போனா அவமானம் கெடையாது, ஆள் ஒருத்தன் கூடக் கொறையாம அடுத்த வாரம் ஆடலாம். பெரிய எழுத்துல எழுதியிருந்தேன். உதவி வராது, வழி இருக்குது, கெளம்பு. இதுதான் அந்த சண்டையோட அர்த்தம். நல்லா எழுதுன சண்டைங்க அது. நான் எழுதுனதுலயே அதுதான் நல்லது, அதைச் சொல்லக்கூடாது, ஆனா அதுதான்.

ஆட ஆரம்பிச்சாங்க. மொத சுத்துலயே நாலு பேரு போயாச்சு. ரெண்டாவது சுத்துல எட்வின் பாயைப் பாத்தான். பாய் கவரைப் பிரிச்சுப் படிச்சவரு, மொகத்தைத் தூக்கவே இல்லை. மூணாவது சுத்துல எட்வினுக்கே தெரிஞ்சு போச்சு, வரமாட்டாங்கன்னு. நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்னு, போயிருடா போயிருடான்னு மனசுக்குள்ள சொல்லிட்டே இருக்கேன். "பின்னாடி வழி இருக்குது எட்வின், ரூலைப் படிச்சியா?"ன்னு வாய்விட்டே கேட்டேன். "படிச்சேங்கண்ணா"ன்னான். நகரலை.

அஞ்சாவது சுத்துல மூணு பேரு மிச்சம். டாக்டர் என்னைப் பாத்து, "என்ன சார் இது, அவரைச் சாகடிக்கறதுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கே"ன்னாங்க. கோவமாவே சொன்னாங்க. கடைசி சுத்துல டாக்டரோட குதிரைப்படை மொத்தமும் ஒற்றைக்காது மேல விழுகுது. எட்வின் டைஸை ரெண்டு கையிலயும் வெச்சு ஊதி உருட்டுனான். எல்லாம் ஆறு. எல்லாம்னா எல்லாமே ஆறுங்க. அப்படி ஒரு உருட்டை நான் பாத்ததே இல்லை. ஒத்தை ஆளா ஒற்றைக்காது நிக்கறான், பாலம் அவன் கையில. பாய் எந்திரிச்சு வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. டாக்டர் கை தட்டறாங்க. நானும் தட்டுனேன். நானும்தான் தட்டுனேன்.

மறுநாள் திங்கக்கிழமை காலையில, பத்து மணி இருக்கும், எட்வின் என் கேபினுக்கு வந்தான். ஆபீஸ்ல என்னை சார்னுதான் கூப்புடுவான், அன்னைக்குக் கதவைச் சாத்திட்டு "அண்ணா"ன்னான். "நேத்து ராத்திரி ஷீபாகிட்ட சொல்லிட்டேங்கண்ணா. அந்தப் பாலத்துல நின்னப்பத்தான் எனக்குத் தெளிவாச்சு. எவன் வந்தாலும் வராட்டியும் நின்ன எடத்துல நிக்கணும். ஓசூருக்கு வரலைன்னு மத்தியானம் மெயில் போடப் போறேன்."

மத்தியானம் போடப் போறேன்னான். போட்டுட்டேன்னு சொல்லலை. பத்து மணியில இருந்து மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரம் இருந்துச்சு. கதவும் சாத்தியிருந்துச்சு. போடாதடான்னு ஒரு வார்த்தை. உத்தரவெல்லாம் இருக்கட்டுங்க, போடாதன்னு சொன்னா அவன் ஏன்னு கூடக் கேட்டிருக்க மாட்டான்.

"நல்ல முடிவு"ன்னேன்.

அப்ப என் மனசுல என்ன ஓடுச்சுன்னு சொல்றேன், நீங்க என்னை எப்படி நெனைச்சாலும் சரி. மொதல்ல வந்தது, அப்பாடா, பத்தாவது சண்டைக்கு ஆள் இருக்குதுன்னு. பாலத்தைக் காப்பாத்துன ஒற்றைக்காது தலைநகரத்து மேல கோவத்தோட திரும்பி வர்றான், கதை அங்கிருந்து எப்படியெல்லாம் போகலாம்னு தலைக்குள்ள ஓடுது. அவன் கதவைத் தொறந்து வெளிய போறதுக்குள்ள எனக்குப் பதினொண்ணாவது சண்டையும் வந்துருச்சு. ஆகஸ்ட் மொத வாரம் அவன் கேட்டப்பவும் இதேதாங்க. உத்தரவு, உத்தரவுன்னு சொன்னேனே, அதெல்லாம் அப்புறமாத் தேடிப் புடிச்ச காரணம். அவன் ஓசூர் போனா ஆட்டம் நின்னுரும். மூணாவது தடவையும் அலமாரியில போயிரும். அதுதான். வேற ஒண்ணும் இல்லை.

ஆயுத பூஜைக்கு எட்வின்தான் குவாலிட்டி ரூம்ல மைக்ரோமீட்டர், வெர்னியர்னு அளக்கற சாமான் எல்லாத்தையும் தொடச்சு அடுக்கி, சந்தனம் வெச்சான். சர்ச்சுக்குப் போறவன்தான், ஆனா அந்த வேலையை வேற யாருக்கும் விடமாட்டான். எனக்குப் பொரி கொண்டுவந்து குடுத்தான். அதுக்கு அடுத்த வாரம் லெட்டர். நான் அன்னைக்கு லீவு போட்டுட்டேன்.

ஆட்டத்துல இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை பாக்கி. வரமாட்டான்னு நெனைச்சேன். ஆனா வந்தான். ரெண்டு வாரமும் வந்தான். அதே டிபன் பாக்ஸ், அதே பெட்டி. பாய் என்னென்னவோ ஆறுதல் சொன்னாரு. "பரவால்லைங்க பாய், ஆட்டத்தைப் பாருங்க"ன்னான். பதினாறாவது சண்டையில ஒற்றைக்காது செத்தான். முறையா, ரூல்படி செத்தான். எல்லாருக்கும் கண்ணு கலங்குச்சு. எட்டு மாசம் எழுதி, நாலு மாசம் ஆடி, ஒரு கேம்பெய்ன் முழுசா முடிஞ்சுது. எட்வின் எனக்குக் கை குடுத்தான். "நல்லா முடிச்சீங்கண்ணா"ன்னான். அன்னைக்கு ராத்திரி நான் நிம்மதியாத் தூங்குனேங்க. என்ன மனுசன் நானு.

அந்த ஓசூர் போஸ்ட்டுக்கு வேற ஆள் போட்டுட்டாங்க. கோயமுத்தூர்ல ரெண்டு மாசம் அலைஞ்சான். நாப்பத்தாறு வயசு, எவன் எடுப்பான்? கடைசியில அதே ஓசூர்லயே ஒரு காண்ட்ராக்டருக்குக் கீழ ஷிப்ட் சூப்பர்வைசரா சேந்திருக்கான். ஷீபாவும் பாப்பாவும் கோயமுத்தூர்லதான். கடைசி ஆட்டத்தன்னைக்கு அவன் விட்டுட்டுப் போன பெட்டி டாக்டர் அலமாரியிலயே இருந்துச்சு. போன வாரம் டாக்டர் கூப்பிட்டு, "அவர் படையை நீங்களே கொண்டுபோய்க் குடுங்க"ன்னாங்க. நீங்களேங்கறதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்துச்சு. என் மனசுக்கு அப்படிப் பட்டிருக்கலாம்.

ஒரு மளிகைக் கடைக்கு மேல ரூமு. ஆறு பேரு. ஷிப்ட் முடிஞ்சு தூங்கறவங்க ரெண்டு பேரு கெடந்தாங்க, அதனால படிக்கட்டுலயே உக்காந்தோம். டீ வாங்கிட்டு வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருக்கு. நான் இந்தத் தடவை கதையெல்லாம் எழுதலைங்க, நேரடியாவே சொல்லிட்டேன். ஜூலையிலயே எனக்குத் தெரியும்டா எட்வின்னேன்.

"தெரியுங்கண்ணா"ன்னான்.

லெட்டர் குடுத்த அன்னைக்கே, செட்டில்மெண்ட் கணக்கு முடிக்கறப்ப அவனுக்குப் பேப்பரைக் காட்டியிருக்காங்க. என் கையெழுத்து, கீழ தேதி, ஜூலை பதினாலு. அப்ப கடைசி ரெண்டு வாரமும் தெரிஞ்சேதான் வந்திருக்கான். தெரிஞ்சேதான் கை குடுத்திருக்கான். ஏன்டா வந்தேன்னு கேட்டேன். "பாயும் டாக்டரும் என்ன பண்ணுனாங்கண்ணா? அவங்களும் நாலு மாசமா ஆடிட்டு இருந்தாங்கல்ல"ன்னான்.

அப்புறம் நான் எல்லாத்தையும் சொன்னேன். ஆட்டம் நின்னுரும்னுதான் சொல்லலைன்னு. வேலைக்காக இல்லை, ஆட்டத்துக்காகன்னு. அதைக் கேட்டப்பத்தான் அவன் மொகம் மாறுச்சு. டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தான்.

"ஆட்டத்துக்காகவா? சொல்லியிருந்தா வந்திருப்பேனேண்ணா. சனிக்கிழமை ராத்திரி இங்க பஸ் ஏறுனா விடியக்காலம் காந்திபுரம். ஆடிட்டு, வீட்டுல சாப்பிட்டுட்டு, திரும்ப ராத்திரி பஸ். ஒரு வாரம் விடாம வந்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லையேண்ணா."

எனக்கு அது தோணவே இல்லைங்க. பதினாறு சண்டைக்கு ரெண்டு ரெண்டு வழி யோசிச்சவனுக்கு, ஒரு ஆளு பஸ் ஏறி வருவான்னு தோணலை. நீங்களே பாருங்க, எத்தனை பஸ் போகுது.

பெட்டியை நீட்டுனேன். "இங்க வைக்க எடமில்லைங்கண்ணா"ன்னான். அது நெசந்தான், எடமில்லை. அப்புறம் என் வாயில இருந்து என்ன வந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க. யோசிச்சுச் சொன்னதில்லை, தானா வந்துச்சு. "இனிமே வருவியா? ஞாயித்துக்கிழமை?"ன்னு கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஷிப்ட் இருக்குதுங்கண்ணா. எனக்கு லீவு புதன்கிழமைதான்"னான்.

"அதுக்கென்ன, ஆட்டத்தைப் புதன்கிழமைக்கு மாத்திக்கலாம்"னேன்.

எட்வின் கோவப்படலை. கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். காலியான டீ கிளாஸ் ரெண்டையும் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சான்.

"புதன்கிழமை பாப்பாவைப் பாக்கப் போற நாளுங்கண்ணா"ன்னான்.